கரைவதற்கென்றே ஓர் உலோகம்

கொல்லிமலைக்கு வருகிறவர்கள் காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். செம்மேட்டில் இறங்கி, அறப்பளீசுவரரைக் கும்பிட்டு, ஆகாய கங்கைக்குப் படியிறங்கிக் குளித்துவிட்டு, மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். இந்த மலையிலிருந்து கீழே போகும் சரக்குகளில் மிளகும் பலாவும் காப்பிக்கொட்டையும் எல்லோருக்கும் தெரிந்தவை. பல ஆண்டுகள் லாரி லாரியாகப் போன இன்னொரு சரக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது பாக்சைட், அதாவது அலுமினியத்தின் தாதுக்கல்.

அந்தக் கல் உலோகமாகிப் பாத்திரமானதும் மின்கம்பியானதும் நாம் அறிந்த கதை. அறியாத கதை ஒன்று உண்டு. அலுமினியத்தில் ஒரு பங்கு, நடுக்கடலில் நிற்கும் வயதான எண்ணெய் மேடைகளுக்குப் போகிறது. அங்கே துருப்பிடிக்கும் குழாய்களை முழுவதும் மாற்றாமல் இன்னும் சில ஆண்டு ஓட்டுவதற்கு அதன் உதவி தேவைப்படுகிறது. மலையுச்சியில் தொடங்கிக் கடலடியில் முடியும் அந்தப் பயணத்தை முழுதாகப் பார்த்தால்தான், பழையதைப் பழுதுபார்ப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது புரியும்.

மழை செய்த கல்

கொல்லிமலையின் உடல் சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கும் அதே பாறைதான். எண்ண முடியாத காலம் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்ததில் அந்தப் பாறையின் மேற்பகுதி மக்கியது. மழைநீர் முதலில் சோடியத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துக்கொண்டு போனது. பிறகு மெல்ல மெல்லச் சிலிக்காவையும் இழுத்துக்கொண்டு போனது. கரைய மறுத்து உச்சியிலேயே தங்கியவை இரும்பும் அலுமினியமும். தட்டையான மலைமுகடுகளில் தொப்பி கவிழ்த்தாற்போல் படிந்திருக்கும் பாக்சைட் இப்படி மிஞ்சியதுதான்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். செம்மஞ்சளும் வெளிறிய இளஞ்சிவப்பும் கலந்த நிறம். துளை துளையாக இருக்கும். உடைத்தால் உள்ளே பயறளவு உருண்டைகள் தெரியும். கருங்கல்லை நினைத்துக்கொண்டு தூக்கினால் எதிர்பார்த்த கனம் இருக்காது. தண்ணீர் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். இந்தத் துளைகளுக்குள் மழை இறங்கித் தங்கும்; பிறகு கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஊற்றாக வெளிவரும். பாக்சைட் மூடிய உச்சிகள் மழைநீரைப் பிடித்து வைக்கும் இடங்கள். சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு, உச்சியில் இருந்த அந்தக் கல் கீழே வரும் ஓடைத் தண்ணீராகத்தான் பயன்பட்டது.

வேதியியலில் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தென்னிந்திய மலைகளின் பாக்சைட்டில் அலுமினியம் பெரும்பாலும் கிப்சைட் என்ற கனிமமாக இருக்கிறது. கிப்சைட் என்பது அலுமினியம் ஹைட்ராக்சைடு. அலுமினியமும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் கைகோத்து நிம்மதியாக இருக்கும் நிலை அது. அந்த நிலையைக் கலைத்து உலோகத்தை மட்டும் பிரிப்பதற்குத்தான் அவ்வளவு பெரிய ஆலையும் மின்சாரமும் தேவைப்பட்டன.

மேட்டூர் வரை

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் கிடைத்ததால் மேட்டூர் தொழில் ஊராக வளர்ந்தது. 1960-இல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, தொடங்கப்பட்டது. 1965-இல் அங்கே அலுமினியம் வார்க்கத் தொடங்கினார்கள். தாது ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்தது. லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் சீமையில் வண்டிக்குப் பஞ்சமில்லை. காலிவண்டி ஏறுவதற்கே கஷ்டப்படும் வளைவுகளில், பாரம் ஏற்றிய லாரிகள் கீழ்கியரில் முனகிக்கொண்டு இறங்கின.

மேட்டூரில் கல்லைப் பொடியாக்கிச் சூடான காஸ்டிக் சோடாவில் வேகவைத்தார்கள். அலுமினியம் ஹைட்ராக்சைடு அதில் கரையும். இரும்பும் டைட்டானியமும் கரையாமல் செஞ்சேறாக அடியில் தங்கும். தெளிந்த கரைசலைக் குளிரவைத்தால் வெள்ளைப் படிகம் இறங்கும்; அதை 1,000 டிகிரிக்குச் சுட்டால் அலுமினா என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். அந்தப் பொடியை 950 டிகிரிச் சூட்டில் உருகிய கிரையோலைட் உப்பில் கரைத்து, கார்பன் முனைகள் வழியாக மின்சாரம் பாய்ச்சினால், தொட்டியின் அடியில் அலுமினியம் திரண்டு நிற்கும். 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்டுபிடித்த இதே முறைதான் இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது.

இதற்கு ஆகும் செலவைச் சொல்லிவிட வேண்டும். ஒரு டன் அலுமினியத்துக்கு இரண்டு டன் அலுமினா வேண்டும். இரண்டு டன் அலுமினாவுக்குத் தரத்தைப் பொறுத்து நான்கைந்து டன் பாக்சைட் வேண்டும். ஒவ்வொரு டன் அலுமினாவுக்கும் ஒன்று முதல் ஒன்றரை டன் வரை செஞ்சேறு கழிவாக நிற்கும். காரம் மிகுந்த அந்தச் சேற்றை எங்கேயாவது கொட்டி, என்றென்றும் காவல் காக்க வேண்டும். மின்சாரமோ டன்னுக்கு ஏறக்குறைய 14,000 யூனிட். அதாவது ஒரு கிலோ அலுமினியத்துக்குப் பின்னால் 14 யூனிட் மின்சாரம் இருக்கிறது. இந்த மின்சாரம் முழுவதும் வீணாகவில்லை. அதில் ஒரு பங்கு உலோகத்துக்குள் ஆற்றலாக இருக்கிறது. பயணத்தின் பின்பகுதியில் அது மின்னோட்டமாகவே திரும்பி வரும்.

பேர் மறையும் இடம்

உருகிய பிறகு எந்தக் கட்டி எந்த மலையிலிருந்து வந்தது என்று சொல்ல யாராலும் முடியாது. ஒடிசா மலையின் தாதுவும் சேர்வராயன் தாதுவும் கொல்லிமலைத் தாதுவும் கட்டியாக வார்க்கப்பட்டுச் சந்தைக்கு வந்துவிட்டால் ஒரே வெள்ளி நிறம்தான். ஆகவே கடலுக்குள் கரையும் ஒரு குறிப்பிட்ட துண்டைக் காட்டி, இது கொல்லிமலையுடையது என்று சொல்வதற்கில்லை. ஆனால் கடலுக்குள் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஏதோ ஒரு மலையுச்சி இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம்.

இங்கே ஒரு தொழில் நுணுக்கம் அதை இன்னும் அழுத்தமாக்குகிறது. பழைய பாத்திரத்தையும் ஜன்னல் சட்டத்தையும் உருக்கினால் அலுமினியம் மறுபடி கிடைக்கும். அதற்கு ஆகும் மின்சாரமும் தாதுவிலிருந்து எடுப்பதைவிட மிகக் குறைவு. ஆனால் கடலில் எஃகைக் காக்கும் கட்டிகளை இப்படிக் காயலான்கடை உலோகத்தில் செய்வது கடினம். அவற்றில் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்கு அளவைத் தாண்டினாலே வேலைத்திறன் குறையும். செம்பு இன்னும் மோசம். எனவே இதற்குத் தாதுவிலிருந்து நேரே வந்த சுத்தமான அலுமினியமே வேண்டும். இன்னொன்று, பாத்திரமான அலுமினியம் ஒருநாள் திரும்பி வரும். கடலில் கரைந்தது திரும்பி வராது. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபிறவி எடுக்கக்கூடிய உலோகத்துக்கு இதுதான் கடைசிப் பிறவி.

தன்னைக் கொடுத்துப் பிறரைக் காப்பது

ஒரு உலோகத்தைத் தின்னக் கொடுத்து இன்னொன்றைக் காக்கலாம் என்று 1824-இல் காட்டியவர் ஹம்ஃப்ரி டேவி. இங்கிலாந்துக் கடற்படை, கப்பல்களின் அடிப்பாகத்தில் போர்த்திய செம்புத் தகடு அரித்துப்போகிறதே என்று அவரிடம் வந்தது. செம்போடு இரும்பையோ துத்தநாகத்தையோ ஒட்டிவைத்தால், அது அரிபட்டுச் செம்பு பிழைக்கும் என்று டேவி கண்டார். சோதனைக்குப் போன கப்பல்களில் ஒன்று சமராங். அது நம் பக்கத்துக் கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டி 1822-இல் கடலில் இறக்கப்பட்ட கப்பல். செம்பு பிழைத்தது. ஆனால் அரிக்காத செம்பில் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டு கப்பல்களின் வேகம் குறைந்ததால் கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. இரும்பும் எஃகும் கடலுக்கு வந்த பிறகுதான் டேவியின் கண்டுபிடிப்புக்கு முழு மதிப்பு வந்தது.

இரண்டு உலோகங்கள் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு பேட்டரி. எளிதில் எலெக்ட்ரானை விடும் உலோகம் கரையும், மற்றது கரையாது. அலுமினியம் எஃகைவிட எளிதில் விடும். அப்படியென்றால் வெறும் அலுமினியத்தைக் கட்டித் தொங்கவிட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. காற்றோ நீரோ பட்டவுடன் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் மூடிக்கொள்ளும். சமையல் பாத்திரத்தைக் காக்கும் அதே படலம் இங்கே வேலையைக் கெடுத்துவிடும். அந்தப் படலம் நிலைக்காமல் செய்வதற்கு அலுமினியத்தோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை துத்தநாகமும், பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இண்டியமும் சேர்க்கிறார்கள். முன்பு பாதரசம் சேர்த்தார்கள். கடலை நஞ்சாக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த வித்தையைத் தமிழ்நாட்டில் ஆராய்ந்த இடம் காரைக்குடி. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அது. 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். கடலே இல்லாத செட்டிநாட்டில் இருந்துகொண்டு கடல் அரிப்பை ஆராய முடியாது என்பதால் மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் அதற்குக் கிளைகள் அமைந்தன. தூத்துக்குடிக் கிளையின் பெயரிலேயே கடல் மேடை உண்டு: கடல்மேடை மற்றும் கடல் மின்வேதியியல் மையம். இத்தகைய ஆய்வின் அடிப்படை வேலை பார்ப்பதற்கு எளியது. எடைபோட்ட உலோகத் தகடுகளைச் சட்டத்தில் கட்டிக் கடலில் தொங்கவிட வேண்டும்; மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து எடுத்துக் கழுவி மறுபடி எடைபோட வேண்டும். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கடல் தின்றது. பொறுமைதான் இதில் முக்கியமான கருவி.

பாம்பே ஹை

நம் நாட்டில் இந்த உலோகத்துக்கு அதிகம் வேலை கொடுக்கும் இடங்களில் ஒன்று, மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி அரபிக் கடலில் இருக்கும் பாம்பே ஹை. சாகர் சாம்ராட் என்ற துளையிடும் கலம் 1974-இல் அங்கே எண்ணெய் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. எழுபது எண்பது மீட்டர் ஆழக் கடலில் எஃகுக் கால்களை ஊன்றி, மேலே மேடை போட்டு, கிணறுகளையும் மேடைகளையும் குழாய்களால் பின்னினார்கள். திருச்சியில் வெல்டிங்கும் சோதனைமுறைகளும் படித்து அங்கே வேலைக்குப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

கடலடிக் குழாயைப் போடும்போது முதலில் பூச்சு, அதன்மேல் பாரத்துக்குக் கான்கிரீட் கவசம். பூச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்காவது கீறல் விழும். கீறல் விழுந்த இடங்களைக் காக்கத்தான் அலுமினியம். இரண்டு அரைவட்டத் துண்டுகளைக் குழாயின் இரு பக்கமும் வைத்துச் சேர்த்து, உள்ளேயிருக்கும் எஃகுப் பட்டையைக் குழாயோடு கம்பியால் இணைப்பார்கள். பிரேஸ்லெட் ஆனோடு என்று அங்கே சொல்வார்கள். சில நூறு மீட்டருக்கு ஒன்று வீதம் குழாய் நெடுகப் பூட்டியிருக்கும். மேடையின் கால்களுக்கு இருநூறு, முந்நூறு கிலோ எடையுள்ள நீளமான கட்டிகளைத் தள்ளி நிற்கும்படி பற்றவைத்திருப்பார்கள்.

கடலில் இறங்கிய நிமிடத்திலிருந்து அது கரையத் தொடங்கும். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஓராண்டு முழுக்க எஃகிலிருந்து கடலுக்குப் பாய்ந்தால் 9 கிலோவுக்கு மேல் எஃகு அரித்துப்போகும். அதே ஒரு ஆம்பியரை அலுமினியம் ஓராண்டு கொடுக்க வேண்டுமானால் சுமார் மூன்றரை கிலோ கரையும். துத்தநாகமாக இருந்தால் 11 கிலோ வேண்டும். அலுமினியத்தைத் தேர்ந்ததற்கு இதுதான் காரணம்.

இருபது ஆண்டு கழித்து நீருக்குள் போய்ப் பார்க்கும் டைவர் முன்பு நிற்பது பழைய கட்டியே அல்ல. மூலைகள் மழுங்கி, நடுவில் ஒடுங்கி, குளியலறையில் தேய்ந்துபோன சோப்புக்கட்டியின் வடிவத்தில் இருக்கும். சில இடங்களில் உள்ளே வைத்து வார்த்த எஃகுத் தண்டு வெளியே தெரியும். மேலே வெள்ளையாக மாவு படிந்திருக்கும். அந்த மாவு அலுமினியம் ஹைட்ராக்சைடு. மலையுச்சியில் இருந்த அதே வேதிப்பொருள். காஸ்டிக் சோடாவும் உலையும் 14,000 யூனிட்டும் சேர்ந்து பிரித்ததை, கடல் இருபது ஆண்டில் பழையபடி சேர்த்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எஃகு பிழைத்தது. ஆலைத் தொட்டியில் உலோகத்துக்குள் ஏறிய மின்சாரத்தின் ஒரு பங்கு இங்கே எஃகுக்குக் காவலாகச் செலவாகிவிட்டது.

வயதாகும்போது

எண்ணெய் மேடைகளைப் பெரும்பாலும் 25 ஆண்டு வாழ்நாள் என்று கணக்கிட்டுத்தான் கட்டுகிறார்கள். பாம்பே ஹையின் பழைய மேடைகள் அந்த வயதைத் தாண்டி எத்தனையோ ஆண்டாகின்றன. எண்ணெய் இன்னும் தீரவில்லை. அப்போது எழும் கேள்விதான் இந்தத் துறையின் அன்றாடக் கேள்வி: இந்தக் குழாயை மாற்றுவதா, காப்பதா?

நீருக்கடியில் விடை ஓரளவு எளிது. வெள்ளி-வெள்ளிக் குளோரைடு முனையை எஃகின் அருகே கொண்டுபோய் மின்னழுத்தம் அளப்பார்கள். கழித்தல் 800 மில்லிவோல்ட்டோ அதைவிடக் கீழோ காட்டினால் எஃகு பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேலே ஏறினால் கட்டிகள் தீர்ந்து வருகின்றன என்று அர்த்தம். புதுக் கட்டிகளை மேடைக் காலில் நீருக்கடியில் பற்றவைப்பது செலவும் ஆபத்தும் மிகுந்த வேலை. அதனால் இப்போது ஒரு எஃகுச் சட்டத்தில் பல கட்டிகளை அடுக்கி, மேடைக்குப் பக்கத்தில் கடல்தரையில் இறக்கிவிட்டு, கேபிள் மூலம் மேடைக் காலோடு போல்ட் போட்டு இணைக்கிறார்கள். பழைய எஃகைத் தொடாமலே அதற்கு இன்னொரு பத்திருபது ஆண்டு கிடைக்கிறது.

நீருக்கு மேலே அலுமினியக் கட்டியால் ஆவது ஒன்றுமில்லை. சுற்றிலும் கடல்நீர் இருந்தால்தான் அந்த பேட்டரி வேலை செய்யும். அலை அடித்து அடித்து ஈரமும் காற்றும் மாறி மாறிப் படும் பகுதிதான் குழாய்க்கு எமன். கடலடியிலிருந்து மேடைக்கு ஏறும் ரைசர் குழாய் அந்தப் பகுதியைக் கடந்துதான் வர வேண்டும். ரைசர் உடைந்தால் என்ன ஆகும் என்பதை 2005 ஜூலை 27 அன்று நாடு கண்டது. பாம்பே ஹை நார்த் மேடையின் ரைசரில் சமுத்திர சுரக்‌ஷா என்ற கப்பல் மோதி, வெளியேறிய வாயு தீப்பிடித்து, மேடை அழிந்தது. 22 உயிர்கள் போயின. அது அரிப்பால் நடந்ததல்ல. ஆனால் ஒரு ரைசரின் சில மில்லிமீட்டர் எஃகுச் சுவருக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் நிற்கின்றன என்பதை அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பகுதிக்கு அலுமினியம் வேறு உருவத்தில் வருகிறது. அலுமினியக் கம்பியை மின்பொறியால் உருக்கி, காற்றழுத்தத்தில் எஃகின்மேல் தெளிப்பார்கள். கால் மில்லிமீட்டர் தடிமனில் உலோகத்தோல் ஒன்று ஒட்டிக்கொள்ளும். பெயிண்ட் உரியும் இடத்தில் இது நிற்கும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் தானே கரைந்து எஃகைக் காக்கும். புதிய ரைசர்களுக்கும், வெப்பக்காப்பு போர்த்திய குழாய்களுக்கும் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் தெளிப்பதற்குப் பொறி வேண்டும். வாயு ஓடும் மேடையில் பொறிக்கு அனுமதி எளிதில் கிடைக்காது. ஆகவே இதைப் பட்டறையிலேயே செய்து கொண்டுபோவதுதான் வழக்கம்.

ஏற்கனவே சுவர் மெலிந்துவிட்ட பழைய குழாய்க்கு என்ன செய்வது? வழக்கமாகச் சிக்கல் தொடங்கும் இடம் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். மேடையின் ஓரத்தில் ஒரு ஆறங்குலக் குழாய் இரும்பு பீமின் மேல் படுத்திருக்கிறது. குழாயும் பீமும் தொடும் கோட்டில் உப்புத்தண்ணீர் தேங்கும். பெயிண்ட் பிரஷ் அங்கே நுழையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு துருக்கோடு மட்டும் தெரியும். உள்ளே சுவர் எவ்வளவு மிச்சம் என்று அல்ட்ராசோனிக் கருவியால் அளப்பார்கள். புதிதில் 7.11 மில்லிமீட்டர் இருந்திருக்கும். கருவி 3 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தத்தைத் தாங்க எவ்வளவு வேண்டும், ஆண்டுக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்குப் போட்டால், குழாய் இன்று ஓடும், நாளைக்கு உறுதியில்லை என்று தெரியும்.

வெட்டி மாற்றுவதென்றால் உற்பத்தியை நிறுத்த வேண்டும், குழாயைக் காலிசெய்து வாயு இல்லாமல் கழுவ வேண்டும், வெல்டிங்குக்கு அனுமதி வாங்க வேண்டும், கிரேன் கொண்டுவர வேண்டும். அதற்கு மாற்றாக வந்ததுதான் இழைக்கட்டு. கண்ணாடி இழைத்துணியையோ கார்பன் இழைத்துணியையோ எபாக்சிப் பிசினில் நனைத்துக் குழாயைச் சுற்றிக் கட்டுவது. பொறியில்லை, தீயில்லை; குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம்.

பார்க்க எளிதாகத் தெரியும் இந்த வேலையின் உயிர் முழுவதும் தயாரிப்பில் இருக்கிறது. துருவைக் கூர்மணலால் அடித்து வெண்சாம்பல் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பளபளப்பு வேண்டாம், பிசின் பிடிக்கிற சொரசொரப்பு வேண்டும். கடற்காற்றில் சுத்தமான எஃகு சில மணி நேரத்திலேயே மறுபடி துருவேறும் என்பதால் அதற்குள் பிசின் பூசிவிட வேண்டும். குழிகளை எபாக்சிப் புட்டியால் நிரப்பிக் குழாயின் வட்டத்தை மீட்க வேண்டும். பிறகு இழைத்துணியை இழுவை குறையாமல் சுற்ற வேண்டும். கெட்டுப்போன இடத்துக்கு அப்பால் நல்ல எஃகின் மேலும் இரு பக்கமும் கணக்குப்படி, ஐம்பது மில்லிமீட்டருக்குக் குறையாமல், படர வேண்டும். எத்தனை சுற்று என்பது அழுத்தத்தையும் மிச்சச் சுவரையும் வைத்துப் போட்ட கணக்கு. கடைசியில் பிளாஸ்டிக் நாடாவைச் சுற்றி இறுக்கினால் மிகுதிப் பிசினும் காற்றும் வெளியேறும். பிசின் இறுகிய பிறகு கடினத்தை அளந்து எண்ணை எழுதி வைப்பார்கள். அந்த எண் வராவிட்டால் கட்டு கட்டே அல்ல.

இதற்கெல்லாம் உலக அளவில் விதிகள் உண்டு: ஐ.எஸ்.ஓ. 24817, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் பி.சி.சி-2. இரண்டு ஆண்டு தாங்குவதற்கான தற்காலிகக் கட்டு முதல் இருபது ஆண்டு தாங்கும் கட்டு வரை அவை வகுத்திருக்கின்றன. எங்கே கட்டக் கூடாது என்பதும் அவற்றில் உண்டு. பிசினுக்குத் தாங்கும் சூடு ஓர் எல்லைக்குள்தான். ஒழுகும் ஓட்டைமேல் ஈரத்தோடு கட்ட முடியாது. முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அரிப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. வெளியிலிருந்து என்றால் கட்டு அதை நிறுத்திவிடும். எண்ணெயோடு வரும் நீரும் கரியமில வாயுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மணலும் உள்ளிருந்து தின்கின்றன என்றால், கட்டுக்கு அடியில் சுவர் தொடர்ந்து மெலியும். கட்டு வலிமையைக் கொடுக்கும், நோயைத் தீர்க்காது. அங்கே அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும், அளந்துகொண்டே இருக்க வேண்டும், நாள் குறித்து மாற்ற வேண்டும்.

எது உண்மையான செலவு

பழுதுபார்ப்பதைப் பற்றிப் பேசும்போது பணக்கணக்கைத்தான் முதலில் எடுக்கிறோம். உற்பத்தி நின்றால் நாளொன்றுக்கு இவ்வளவு நட்டம், கிரேன் கப்பலுக்கு இவ்வளவு வாடகை என்று. அந்தக் கணக்கில் மலை வருவதில்லை. ஒரு 200 கிலோ கட்டிக்குப் பின்னால் ஏறக்குறைய ஒரு டன் பாக்சைட், 400 முதல் 600 கிலோ செஞ்சேறு, 2,800 யூனிட் மின்சாரம் இருக்கின்றன. வெட்டி எறிந்து புதிதாகப் போடும் எஃகுக் குழாய்க்குப் பின்னாலும் இப்படியே ஓர் இரும்புச் சுரங்கமும் நிலக்கரிச் சுரங்கமும் உண்டு.

கொல்லிமலையிலும் அந்தக் கணக்கு ஒருநாள் கேட்கப்பட்டது. மால்கோ 1995-இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போயிருந்தது. மலையில் வெட்டுவதற்கு உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்ற புகாரும் எதிர்ப்பும் எழுந்தன. 2008-இல் மேட்டூர் உருக்காலை நின்றது. கொல்லிமலைச் சுரங்கமும் நின்றது. தோண்டிய இடங்களில் மண்போட்டுச் செடி வளர்க்கலாம். மழையைப் பிடித்து வைத்த அந்தத் துளைக்கல்லை மட்டும் எந்த ஆலையிலும் செய்ய முடியாது. குழாயைப் புதிதாகப் போடலாம். மலையுச்சிக்கு மாற்று இல்லை.

அதனால்தான் இருப்பதை நீட்டிக்கும் கலையை நான் பெரிய பொறியியல் என்று மதிக்கிறேன். அதற்கு ஓர் ஒழுங்கும் உண்டு. முதலில் நல்ல பூச்சு; பூச்சு நன்றாக இருந்தால் கரைய வேண்டிய அலுமினியம் குறையும், வெட்ட வேண்டிய பாக்சைட்டும் குறையும். அடுத்து, நீருக்கடியில் கட்டிகளைத் தீர்வதற்கு முன்பே அளந்து, தேவையான அளவுக்கு மட்டும் சேர்ப்பது. நீருக்கு மேலே, மெலிந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கணக்குப்படி கட்டுவது. கட்டிய ஒவ்வொரு கட்டுக்கும் எண்ணும், கட்டிய தேதியும், எதுவரை தாங்கும் என்ற தேதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தக் கடைசித் தேதியை மதிப்பதுதான் இதில் நேர்மை. தேதி முடிந்த கட்டை இன்னும் ஓராண்டு ஓட்டலாம் என்று தள்ளிப்போடுகிறவர், மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு அந்த மேடையில் தூங்குகிறவர்களின் உயிரைப் பணயம் வைக்கிறார். தேதிக்குள் நன்றாகக் காத்து, தேதி வந்ததும் தயங்காமல் மாற்றுகிறவர்தான் குழாயையும் மனிதரையும் மலையையும் ஒருசேரக் கணக்கில் வைத்தவர்.